கறுப்பு லக்ரிஸ்

இலங்கைப் போருக்குத் தப்பி டென்மார்க் வந்து, எஸ்பியர்க் நகர மீன் தொழிற்சாலையில் வேலை செய்த மரியதாசனும் கூட்டாளி செல்வரட்ணமும் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போய்ப் புதுப்புது இனிப்புகளை ருசி பார்ப்பார்கள். 1988இல் ஒருநாள், கடைக்காரி அவர்களுக்கு லக்ரிஸ் என்ற கறுப்பு மிட்டாயைத் தின்னக் கொடுத்தாள். அது உப்புக் கரித்தது. இருவரும் முகத்தைச் சுளித்துச் சிரித்தார்கள்.

“மனைவி பிள்ளைகளைப் போருக்குள் விட்டுவிட்டு வந்து இங்கே சந்தோஷமாக இருக்கிறீர்கள்,” என்றாள் அவள் டேனிஷில்.

மரியதாசனின் சிரிப்பு நின்றது. மனைவியையும் மகளையும் கூப்பிட அவன் விண்ணப்பித்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. சட்டப்படி அவர்களுக்கு வர உரிமை இருந்தது. ஆனால் நீதி அமைச்சில் யாரும் அந்த விண்ணப்பத்தைத் தொடவேயில்லை.

“வா மச்சான், அவளோடை என்ன கதை?” என்று செல்வரட்ணம் கையைப் பிடித்து இழுத்தான்.

“விடடா. நான் கதைக்கத்தான் வேணும்.”

வாயிலிருந்ததைக் கடதாசியில் துப்பிவிட்டு, தெரிந்த டேனிஷில் நிதானமாகச் சொன்னான்: “நான் விட்டுவிட்டு வரவில்லை. உங்கள் அரசாங்கம்தான் அவர்களை வர விடவில்லை.”

“எனக்கு அது தெரியாது,” என்றாள் கடைக்காரி.

“தெரியாமல் ஏன் பேசினீர்கள்?”

அவள் மிட்டாய்ப் போத்தலை மூடி உள்ளே எடுத்து வைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் மகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு அவனை “மாமா” என்றாள். சொந்த மகளுக்கே தன்னை அந்நியனாக்கிய அந்த அரசாங்கத்தின் மீதான கோபம் மரியதாசனுக்குக் கடைசிவரை ஆறவில்லை.