பிரேக் மேல் போட்ட பெருக்கல் குறி

இன்று காலை மிக்ஸியிலிருந்து கருகல் வாசனை வந்தது. மோட்டாருக்குள் செம்புக் கம்பி வேகும் வாசனை. மனைவி சுவிட்சை அணைத்துவிட்டு அரைபடாத சட்னியைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு வருஷமாகிறது, இன்னும் அந்த வாசனை எனக்கு ஆகாது.

அந்த வாசனை முதலில் வந்தது ஒரு லாரியிலிருந்து. ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி. ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். நானும் என் நண்பனும் பழையதாக வாங்கி, பெட்ரோலில் ஓடியதை மின் மோட்டாருக்கு மாற்றியிருந்தோம். நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர், ஞாயிறு மதியங்களில், பொம்மையும் பீங்கானும் செய்கிற செராமிக் ஷெட்டுகளுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டில் பொம்மை லாரியை ஏற்றி இறக்கினோம். வெட்கமெல்லாம் இல்லை. வாரமெல்லாம் எவனெவன் சொல்லுக்கோ ஓடுகிறோம், ஒன்றாவது எங்கள் சொல்லுக்கு ஓடட்டுமே.

மோட்டார் வந்ததும் டேங்க், புகைக்குழாய், கார்புரேட்டர் எல்லாம் வேண்டாத உதிரி. பழைய டிஸ்க் பிரேக் மட்டும் வேண்டும் என்று நினைத்தேன். மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தும்தான். அந்த மோட்டாரே கருகிப்போனால்? டிஸ்க் பிரேக்குக்குத் தனி பேட்டரி, தனி கம்பி. அது பாட்டுக்குக் கடிக்கும். உதிரிகளைக் கழற்ற லாரியை அவன் தன் வீட்டுக்கு எடுத்துப் போகும்முன், பிரேக் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். தொடாதே என்று அர்த்தம், அதை அவனிடம் வாயால் சொல்லவில்லை.

அவன் மின்கம்பத்துக்குப் பீங்கான் செய்கிற இன்சுலேட்டர் கம்பெனியில் தரம் பிரிக்கிறவன். கீறல் விட்ட பீங்கானில் பெருக்கல் குறி போட்டுக் கழிவுக் குவியலில் எறிந்து எறிந்து பழகிய கை. பிரேக்கையும் எறிந்தது. மூடியை மாட்டிக் கொண்டுவந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் திறந்து பார்க்கவில்லை.

மேட்டுக்குக் கீழே என் மனைவி வாடகைக்கு எடுத்திருந்த ஷெட். அந்த ஞாயிறு வாசலில், பலகை பலகையாக, அவள் விற்கச் செய்த கொலுப் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. இன்னும் சுடாத பச்சை மண். மறுநாள் பொதுச் சூளையில் அவள் முறை. கொலுவுக்கு முன் அவளுக்கு வேறு முறை கிடையாது.

லாரியில் செங்கல் ஏற்றி மேட்டில் ஏற்றினோம். பாதியில் புகை, அந்த வாசனை. வண்டி பின்னால் சரிந்தது. ரிமோட் அவன் கையில், நான் கத்தினேன்.

"பிரேக்க அமுக்குடா."

"அமுக்கிட்டுதாண்டா இருக்கேன்."

லாரி பொம்மைப் பலகைகள் மேல் போய் விழுந்தது. பச்சை மண் உடைந்தால் பீங்கான் போல ஒலிக்காது. அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான். அவ்வளவு சின்ன சத்தம்.

ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். பிரேக் இருந்த இடத்தில் காலி ஓட்டைகள்.

"எங்கடா பிரேக்கு?"

"நீதான மச்சான் எக்ஸ் போட்டு வெச்சிருந்த."

"தொடாதன்னுடா போட்டேன்."

"எக்ஸ் போட்டா தூக்கிப் போடறதுதான. நீ ஸ்கூலு ஆபீஸ்லதான இருக்குற, அங்க தப்புக்கு இன்னா போடுறாங்க, பூவா?"

அவன் பக்கம் நியாயம் இருந்தது. இருந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்க எத்தனை நேரம் ஆகும்? கையிலேயே வைத்துத் தேய்க்கிற போன்.

மனைவி வெளியே வந்தாள். உட்கார்ந்து, உடைந்ததைப் பொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட ஆரம்பித்தாள். அவனும் பொறுக்கக் குனிந்தான்.

"வுடுங்கண்ணே. மண்ணு கரைஞ்சா மறுபடி மண்ணுதான். நாளைக்கி சூளையில என் எடத்துல இன்னாத்த வெக்கிறது? ஒங்க ரெண்டு பேரு லாரிய வெக்கவா?"

அவன் சிரித்தான். கேலி என்று நினைத்தானோ, என்ன செய்வதென்று தெரியாமல் வந்ததோ. அவள் மடியில் தலை போன பொம்மை ஒன்று கிடக்க, இவன் பல் தெரியச் சிரித்தான். பெருக்கல் குறியை நான் மன்னித்திருப்பேன். இந்தச் சிரிப்பை மன்னிக்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பைக் சாவியை எடுத்தான்.

"சரி மச்சான், போயிட்டு வரேன்."

"வரேன்னு சொல்லாத."

பைக்கை உதைத்தான். இரண்டாவது உதையில் கிளம்பியது.

"சரி. போறேன்."