நயினாரின் பெட்டியும் என் கையும்

நயினார் அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி டெல்லி மெட்ரோ ரயிலில் வந்தது. துவாரகாவை நெருங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பஜனை கோஷ்டியின் செயலாளர் போன் செய்து, "நம்ம நயினார் சார் காலைல தவறிட்டார் சார். ஹார்ட் அட்டாக்" என்றார். நான் முதலில் நினைத்தது, இந்த ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டிங் இல்லை என்பதைத்தான். அப்பாடா என்று இருந்தது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் அளவாகத்தான் வந்தது.

இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். நீங்களும் வந்திருந்தீர்கள். பேசியவர்கள் எல்லோரும் நயினார் மென்மையானவர், யார் மனமும் நோகப் பேசாதவர் என்றார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, எங்கள் கோஷ்டியில் பாடுகிற விசுவநாதன் சார் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுகிறார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்ததும் செயலாளர் என்னிடம், "அவர்கூட ரொம்ப நெருக்கமா இருந்தது நீங்கதான். அஞ்சலி மலருக்கு நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க" என்றார். நாலு வார்த்தை எழுதுகிறேன். நல்லதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் ஆறுமுகநயினார். திருநெல்வேலிக்காரர். மத்திய அரசில் கணக்குப் பிரிவில் இருந்தவர். மயூர் விஹாரில் மூன்றாம் மாடியில் வீடு. வெள்ளிக்கிழமை பஜனையில் நாங்கள் பாடுவதை சிடியாகப் போட வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். ஸ்டூடியோவில் நேரம் கேட்டு அலைந்து அலுத்துப்போய், ஒருநாள் நேரு பிளேஸ் கடைத்தெருவிலிருந்து டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டியை வாங்கி வந்தார். மைக்கை ஒரு பக்கம் செருகி, மறுபக்கத்து யுஎஸ்பி ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினால் வீட்டிலேயே ரெக்கார்டிங். இருந்ததிலேயே மலிவான பெட்டி அது. கடைக்காரனே வேறொன்றை வாங்கச் சொன்னானாம். "இனிமே எவன் வாசல்லயும் போய் நிக்க வேண்டாம் வே" என்று அதைத் தடவிக்கொடுத்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தடவி நான் பார்த்ததில்லை.

படுக்கையறைச் சுவரில் குளிருக்குப் போர்த்தும் ரஜாய்களை ஆணி அடித்துத் தொங்கவிட்டார். சத்தம் வரும் என்று கூலரை நிறுத்தினார், ஃபேனை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார். மே மாதத்து டெல்லியில் அந்த அறைக்குள் எட்டுப் பேர் வேர்த்து ஒழுகிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டோம். முருகன் அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.

பெட்டியின் குணங்களைச் சொல்லி மாளாது. ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் பதிவில் டப்பென்று ஒரு வெடி. மைக் சத்தத்தைக் கூட்டினால் மழை பெய்வதுபோல் இரைச்சல், குறைத்தால் பாடுகிறவர் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் கேட்கும். ஒயரை வழக்கமான ஓட்டை விட்டு வேறு ஓட்டையில் செருகிவிட்டால் கம்ப்யூட்டருக்குப் பெட்டியை அடையாளமே தெரியாது. ஹெட்போன் போட்டுப் பாடினால் நம் குரல் நமக்கே ஒரு கணம் பிந்தி வந்து சேரும். அதற்காக நின்று நின்று பாடிய விசுவநாதன் சாரை, பெரிய அதிகாரி என்றும் பாராமல், "என்ன சார், மாட்டு வண்டியிலயா பாட்டு வருது?" என்று கேட்டார் நயினார். கோளாறு பெட்டியில் என்று நான் சொன்னேன். "பெட்டி தப்புப் பண்ணாது வே. ஆளுதான் தப்புப் பண்ணுவான்" என்றார். அன்றோடு ஹெட்போனைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டார். அதன்பிறகு ரெக்கார்டிங் நடக்கும்போது பெட்டிக்குள் என்ன கேட்கிறது என்பது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ஓர் உறுமல். பாட்டுக்குக் கீழே விடாமல் உர்ரென்று கேட்டுக்கொண்டே இருக்கும். காலனி டிரான்ஸ்ஃபார்மரைத் திட்டினார், கீழ்வீட்டு சர்தார்ஜியின் இன்வெர்ட்டரைத் திட்டினார், மனைவி கோமதி அண்ணியின் மிக்ஸியைத் திட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சும்மா இருக்காமல், அப்படி என்னதான் இருக்கிறது என்று பெட்டியின் மேல் கை வைத்தேன். நயினார் கையை உயர்த்தினார்.

"அப்படியே இரும். கையை எடுக்காதயும்."

"என்னங்க அண்ணாச்சி?"

"நின்னுட்டு வே. உறுமல் நின்னுட்டு."

கையை எடுத்தேன், வந்தது. வைத்தேன், நின்றது. அந்த வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை, பெட்டியின் உலோகத்தை ஆள் தொட்டால் உறுமல் அடங்குகிறது என்று பிறகு யாரோ விளக்கினார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறவன் மனிதன். நயினார் என்னைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் அவர் மேஜையருகே ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை பெட்டியின் மேல் இடது கையை வைத்திருந்தேன். இருமக் கூடாது, சொறியக் கூடாது. துவாரகாவிலிருந்து மயூர் விஹாருக்கு மெட்ரோவும் பஸ்ஸும் மாறிப் போவது இதற்குத்தான்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. சிடியின் தொடக்கத்தில் ஒரு விருத்தம் வர வேண்டும், அதை நான் பாட வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எல்லோரோடும் சேர்ந்து பாடுகிறவன்தானே நான். நயினார் எப்போதும் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார், ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடுவார். சுருதியில் அவ்வளவு கவனம் என்று நான் மரியாதையாக நினைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, விருத்தத்தை நான் ஒருக்கா பாடிப் பாக்கட்டுங்களா?"

"நீரு பாடப் போயிட்டா கையை யாரு வைப்பா?"

"அண்ணி வெக்கட்டுங்க."

"அவ அடுப்படியில இருந்து ஈரக்கையோட வருவா. ஷாக் அடிச்சுச் செத்தா யாரு பொறுப்பு?"

அடுத்த வருடம் கேட்டேன். "உம்ம கை மாதிரி வராது வே" என்றார். அதற்கடுத்த வருடம் கேட்டேன். "மைக்குப் பக்கத்துல நின்னா பெட்டி எட்டாது. ஒயரு சின்னது" என்றார். நீளமான ஒயர் வாங்கிக் கொண்டுபோனேன். அந்தப் பெட்டிக்கு அது சேராது என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் போட்டார். ஒரு ஞாயிறு நான் கோயம்புத்தூரில் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ரெக்கார்டிங்கையே நிறுத்திவிட்டார், கோஷ்டி முழுக்க என்னைக் குறை சொன்னது. சிடி அட்டையில் பாடியவர்கள் பெயரெல்லாம் போட்டு, கடைசியில் பொடி எழுத்தில் 'தொழில்நுட்ப உதவி: பழனிச்சாமி' என்று என் பெயரை அச்சடித்தார். என் மகள் டெல்லியில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சிடி முழுக்கப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அச்சா, இதுல நீங்க எங்க இருக்கீங்கப்பா?" என்றாள். உறுமல் இல்லாத இடமெல்லாம் நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது.

ராஜேஸ்வரி அம்மாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பாட்டை அழகாக எழுதிக்கொண்டு வந்து, வரிசையில் தன் முறைக்காகக் காத்திருந்து, ஒருநாள் பாடினார். நயினார் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எல்லோர் முன்னாலும், "அம்மா, உங்க குரலு வீட்டு சாமி ரூமுக்குப் போதும். மைக்குக்கு ஆவாது" என்றார். அந்த அம்மா பாட்டுத் தாளை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்தார், அண்ணி கொடுத்த டீயை முழுவதும் குடித்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளிலும் வரவில்லை. என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லிப்போட்டீங்க என்று அன்றைக்கே கேட்டேன்.

"மூஞ்சிக்கு நேரா சொல்லிரணும் வே. சிடியில போட்டு ஊரு சிரிக்கதுக்கு, நான் ஒருத்தன் சொன்னாப் போதும்லா. நான் யாருக்கும் பாவம் பாக்க மாட்டேன்."

இதைப் பெருமையாகச் சொன்னார். நான் அவரை வெறுத்தது அன்றிலிருந்துதான். வெறுத்துக்கொண்டேதான் அடுத்த ஞாயிறும் போய்க் கை வைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கோமதி அண்ணி கூப்பிட்டனுப்பினார்கள். போனேன். அந்த அறையில் ரஜாய்கள் இன்னும் தொங்கின. பெட்டி மேஜைமேல் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே இருந்தது.

"இத உங்களுக்குத்தான் குடுக்கணும்னு அவுக சொல்லிட்டே இருப்பாவ அண்ணே. ஓடுதான்னு பாத்துட்டு எடுத்துக்கிடுங்க."

கம்ப்யூட்டரைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, பழக்கத்தில் இடது கையைப் பெட்டியின் மேல் வைத்தேன். அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"அது எதுக்கு அண்ணே கையை வைக்கிய?"

"உறுமுமுங்க, அண்ணி. கை வெச்சாத்தான் நிக்கும்."

"ஏசி மாட்டையில எலெக்ட்ரீஷியன் வந்து எர்த்து போட்டுட்டுப் போனானே. வருசக்கணக்கா ஆச்சே. அன்னைக்கே உறுமல் சுத்தமா நின்னுட்டுன்னு அவுகதான் எங்கிட்ட சொன்னாவ."

கையை எடுத்தேன். முதல்முறையாக அந்த ஹெட்போனை என் காதில் மாட்டினேன். மைக்கைத் திறந்து வைத்தேன். பெருமாள் கோயில் மதியத்தில் நடை சாத்தியதுபோல் அமைதி. இருமாமல், சொறியாமல், கை மரத்துப்போக நான் உட்கார்ந்திருந்த அத்தனை ஞாயிறும் இந்த ஆள் காதில் ஹெட்போனோடு, ஒன்றும் உறுமவில்லை என்று தெரிந்துகொண்டே, "கையை எடுக்காதயும்" என்றிருக்கிறார். ஸ்டூலில் உட்கார வைத்துக் கேலி செய்ய அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது என்று நினைத்தேன். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணியிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். செத்தவரைத் திட்டக் கூடாது என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு பகலில் என் மகள் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெட்டியைப் பொருத்திக் கொடுத்தாள். ஜன்னலைச் சாத்தினேன். என் மனைவி சரோஜா கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். யாருடைய அனுமதியும் இல்லாமல், இத்தனை வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத விருத்தத்தை மைக் முன்னால் நின்று முழுவதும் பாடினேன். நன்றாகப் பாடினேன் என்றுதான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மகள் அதைப் போட்டுக் காட்டினாள்.

முதல் வரியிலேயே சுருதி நழுவியது. இரண்டாவது வரியில் அதைப் பிடிக்கப்போய் இன்னும் கீழே இறங்கினேன். மூன்றாவது வரியில் மேலே போக வேண்டிய இடத்தில் குரல் போகவில்லை, போனதாக நினைத்துக்கொண்டு நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். பெட்டி எதையும் மறைக்கவில்லை. அதில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை, பழியைப் போட. சரோஜா எழுந்து, பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். மகள் திரையையே பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்குப்பா. பேக்கிரவுண்ட் நாய்ஸே இல்ல" என்றாள்.

அப்போதுதான் வெள்ளிக்கிழமைகளில் நயினார் பொத்திக்கொண்ட காது எந்தக் காது என்று நினைவுக்கு வந்தது. என் பக்கத்துக் காது.

அவரை அறிந்த உங்களிடம் கேட்கிறேன். அதிகாரி என்று பார்க்காமல் விசுவநாதன் சாரிடம் சொன்னவர், இரண்டு பஸ் மாறி வந்த அம்மாவிடம் டீ ஆறுவதற்குள் சொன்னவர், யாருக்கும் பாவம் பார்க்க மாட்டேன் என்று மார்தட்டியவர், எனக்கு மட்டும் எதற்குப் பாவம் பார்த்தார்? எனக்குச் சலுகை காட்ட இவர் யார்? ஈரக்கை, சின்ன ஒயர், கைராசி என்று வருடத்துக்கொரு பொய்யைத் தயாரித்து, எர்த் போட்ட பிறகும் என்னை அந்த ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார். ராஜேஸ்வரி அம்மாவிடம் காட்டாத அந்த இரக்கத்தை என்னிடம் காட்டியதை நான் அவருக்குப் பெருமையாகச் சொல்லப் போவதில்லை. அந்த அம்மாவுக்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஸ்டூலுக்கா பஞ்சம்.

மார்கழிக்கான அடுத்த சிடியை நான்தான் ரெக்கார்டிங் செய்ய வேண்டும் என்று கோஷ்டி கேட்டிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன். ராஜேஸ்வரி அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறேன், வருவார்களா தெரியாது. நயினாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெட்டி. நான் பாடிப் பதிந்த விருத்தத்தை அழிக்கவில்லை, அதுவும் இருக்கிறது. சிடியில் வேறொருவர் பாடட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி, ஒருநாள் கோபித்துக்கொண்டு மறுநாள் வந்திருப்பேனே என்று எழுதி இதை முடிக்கத்தான் நினைத்தேன். எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். சொல்லியிருந்தால் நான் மறுபடி அந்தப் படி ஏறியிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.