அலமாரிக்குள் போகாத பெட்டி

அத்தை துணி வெட்டினால் நூலிழை பிசகாது என்று எங்கள் தெருவில் பேர். எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் பாதிப் பெண்பிள்ளைகளின் பாவாடை சட்டை அவள் கை பட்டதுதான். அப்படிப்பட்டவள் அளவு தப்பி ஒரு காரியம் செய்தாள் என்றால், அது மாமாவின் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுதான்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. மாமா அம்மாவின் தம்பி; வாசுதேவநல்லூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அம்மா மெதுவாகத் தம்பியின் பேச்சை எடுத்தாள். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த அப்பாவுக்கோ, கடையில் உட்கார்ந்து கம்பி முறுக்குகிறவனெல்லாம் மாப்பிள்ளைக் கணக்கிலேயே வரமாட்டான்.

"காலையில ரேடியோவுல நாதஸ்வரம் போடுதான், தவில் தகர டப்பாவைத் தட்டுத மாரி கேக்கு. அதைச் சரி பண்ணத் தெரியுமா ஒந்தம்பிக்கு? மொதல்ல தவில் தவிலாக் கேக்கட்டும். பெறவு பேசுவோம்."

அம்மாவின் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னார். மாமா அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பைக்குள்ளே, மூடிப்போன டூரிங் டாக்கீஸ் ஒன்றில் திரைக்குப் பின்னால் கிடந்த வெளிநாட்டு ஸ்பீக்கர். சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய காகிதக் கூம்பு, அதன் முதுகில் ஒரு காந்தம். நான் நீட்டிய ஆணியைக் காந்தம் பிடுங்கிக்கொண்டு தரமாட்டேன் என்றது. அன்றைக்கே எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஸ்பீக்கர் வெறுமனே பாடினால் கீச்சென்றுதான் இருக்கும், அதற்கென்று மரப்பெட்டி வேண்டும் என்றார் மாமா. எங்கள் வீட்டில் பழைய தேக்குக் கதவு ஒன்று சும்மா கிடந்தது. பெட்டியை இங்கேயே செய்து, அப்பாவைக் கேட்கவைத்துவிட்டு, பிறகு வாசுதேவநல்லூர்க் கடையின் சுவர் அலமாரியில் கொண்டுபோய் வைப்பது என்று ஏற்பாடு. அலமாரியின் அளவை மாமா வாயால் சொன்னார். வரைந்து கொடுக்காமல் ரம்பத்தைத் தொடமாட்டேன் என்றார் மரவேலைக்கு வந்த ஆசாரி. உடனே அத்தை செய்தித்தாளை விரித்து, டேப்பும் சாக்பீஸுமாக உட்கார்ந்து, ஜாக்கெட்டுக்கு வெட்டுவதுபோலவே பெட்டிக்கும் பேப்பர் கட்டிங் வெட்டிக் கொடுத்தாள்.

ஆசாரி அந்தக் காகிதங்களைப் பலகைமேல் வைத்து அப்படியே அறுத்தார். வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டி, முன்பலகையில் வட்டமாகத் துளை போட்டு ஸ்பீக்கரை மாட்டினார். உள்ளே திணிக்க மாமா இலவம்பஞ்சு கேட்டார். அப்பாவின் தலையணை அன்று பாதியாக இளைத்தது. முன்பக்கத்தை மறைக்க அத்தை பழுப்பு நிறத்தில் மெல்லிய துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினாள்.

எல்லாம் முடிந்து மாமா டேப்பை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெட்டி எல்லாப் பக்கமும் ஒரு இஞ்ச் கூடுதல். அலமாரிக்குள் போகாது.

"ஏட்டி, அளவு தெரியாமலா வெட்டுனே?" என்று அப்பா கத்தினார்.

"வளர்ற பிள்ளைக்குத் தைக்கும்போது உள்ள துணி விடுவோம்லா அண்ணே, அந்தக் கைப்பழக்கத்துல வந்துட்டு" என்றாள் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"மரம் இனிமே எங்கம்மா வளரப்போகு?" ஆசாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாமா கோபப்படவில்லை. "பெட்டி பெருசானா நல்லதுதான் அத்தான். தவில் இன்னும் கனமா எறங்கும்" என்றார்.

மறுநாள் காலை ரேடியோவைப் பெட்டியோடு இணைத்தார். தவிலின் முதல் அடியில் பரணிலிருந்த தம்ளர்கள் அதிர்ந்தன. அப்பா ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். நாதஸ்வரம் முடிகிறவரை நகரவில்லை. கன்னத்தில் நுரை காய்ந்தே போயிற்று.

"ம். கேக்கத்தான் செய்யுது" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

ஆனால் 'பெறவு பேசுவோம்' என்றாரே, அந்தக் கல்யாணப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. பெட்டியும் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டது. தன் பெட்டியைப் பார்க்க மாமா ஞாயிறுதோறும் பஸ்ஸேறி வந்தார். வந்ததும் ஏதாவது ஒரு திருகாணியைக் கழற்றுவார், திரும்ப மாட்டுவார். அத்தை தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவருக்கு விளக்குப் பிடிப்பாள், பட்டப்பகலில். எனக்கு மாமாவை நினைத்தால் பாவமாக இருந்தது.

இதற்கிடையில் மதுரையிலிருந்து ஒரு வரன் வந்தது. சர்க்கார் உத்தியோகம். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா அறிவித்தார். அந்த வாரம் அத்தை தைத்த சட்டைகளையெல்லாம் பிரித்துப் பிரித்துத் தைக்கவேண்டியிருந்தது.

நடுவில் ஒரு காதுகுத்துக்காக அப்பாவும் அம்மாவும் என்னை வாசுதேவநல்லூருக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பும்போது நல்ல மழை. ஓடிப்போய் மாமா கடையில் ஒதுங்கினோம். அப்பா அந்தக் கடைக்குள் கால் வைத்தது அன்றுதான். சுவரில் அந்த அலமாரி காலியாக இருந்தது. நாலு பக்கமும் இடித்து, பெரிதாக்கி, சிமெண்டு பூசி, வெள்ளையும் அடித்திருந்தது. மூலையில் சிலந்திகூட வலை கட்டிவிட்டது. தினமும் கட்டிப்பிடித்துப் பாட்டுக் கேட்டதில் பெட்டியின் அகலம் என் கைகளுக்கு மனப்பாடம். இரண்டு கைகளையும் விரித்து அலமாரிக்குள் வைத்துப் பார்த்தேன்.

"மாமா, இதுல பெட்டி தாராளமாப் போகுமே! இது தெரியாமலா வாராவாரம் பஸ்ஸேறி வாரீய?"

மாமா மேஜைமேல் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தார். அம்மா அவசரமாக மழையை வேடிக்கை பார்த்தாள். அப்பா பக்கத்தில் வந்து சிமெண்டுப் பூச்சை விரலால் தடவினார்.

"எப்பவே இடிச்சீரு?"

"பெட்டி செஞ்ச மறுவாரமே, அத்தான்."

அப்பா சிலந்தி வலையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மழை விட்டுவிட்டது என்று வெளியே இறங்கினார். அது நன்றாகப் பெய்துகொண்டுதான் இருந்தது.

பஸ்ஸில் பாதி வழியில் வாயைத் திறந்தார். "மதுரைக்காரங்களை வரவேண்டாம்னு சொல்லிருதேன்."

அம்மா என் தலையைத் திரும்பத் திரும்பத் துவட்டினாள். கடை அலமாரிக்கும் மதுரைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கண்டுபிடித்ததை அத்தையிடம் சொன்னேன். "இனி மாமா வரவேண்டாம் அத்தை. பெட்டியை அனுப்பிரலாம்."

"ஒன் வாயைத் தைக்கணும்ட்டி" என்று சொல்லிவிட்டு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

தை மாதம் பெட்டியை வேனில் ஏற்றினார்கள். நான் சொன்னதை ஒருவழியாகக் கேட்டார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா இனி அலையவேண்டாம் என்பதுவரை என் கணக்கு சரி. கல்யாணப் புடவையோடு அத்தையும் அதே வேனில் ஏறி உட்கார்ந்ததும்தான் திக்கென்றது. வேன் கிளம்பியபோது, "அத்தையை எறக்கி விடுங்க, பெட்டியை மட்டும் கொண்டுபோங்க!" என்று கத்திக்கொண்டே தெருமுனைவரை அழுதபடி ஓடினேன்.