விதுராவில் ஓர் எட்டடி மதில்

“ஏட்டி, சேத்துல நிக்கதுக்கு எனக்குக் கூலி குடுக்காவ. நீ கூலி குடுத்துல்லா நிக்கப் போற?”

சேற்றுத் தடை ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கத் திருவனந்தபுரம் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட கேள்வி இது. அம்மா நடவு வேலைக்குப் போகிறவள். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இப்போது வள்ளியூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. மகளைச் சேற்றிலிருந்து கரையேற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவளிடம், முள்கம்பிக்கு அடியில் சேற்றில் தவழ்ந்து, கம்பியில் தொங்கி, மதிலேறிக் குதித்து ஓடுவதற்கும் போட்டி இருக்கிறது என்று விளக்கினேன். “சரி, போய் விழுந்துட்டு வா. பழைய துணியா எடுத்துட்டுப் போ” என்றாள்.

மூன்று மாதமாக நான் தயாராகிக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் குளத்துக்கரையில் ஓடினேன். முதல் வாரம் டீக்கடைக்காரர், “டீச்சர், பஸ்ஸ விட்டுட்டியளா?” என்று கேட்டார். இரண்டாவது வாரம் பெஞ்சை இழுத்துப் போட்டு வழிவிட்டார். பள்ளி மைதானத்துக் கம்பியில் கை மரத்துப்போகும் வரை தொங்கினேன். தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினேன். எல்லாம் தனியாக. கல்லூரி விண்ணப்பம் முதல் வேலைக்கான நேர்காணல் வரை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஆள் இருந்ததில்லை. எதையும் தனியாகச் செய்து முடிப்பதில் எனக்கு ஒரு பெருமை. மதிலையும் அப்படியே ஏறிவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை. வள்ளியூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். குழித்துறை தாண்டியதும் எதிர் இருக்கைப் பெண்கள் இருவரின் பேச்சு, வாக்கியத்தின் நடுவிலேயே தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறியது. பாறசாலைக்குப் பிறகு வெயிலின் நிறமே வேறு. ரயில் நிலையத்துக்கு எதிரில் தம்பானூர் பேருந்து நிலையம். பக்கத்துக் கடையில் ஆப்பமும் கடலைக் கறியும் அறுபது ரூபாய். அங்கிருந்து நெடுமங்காடு வழியாக விதுரா இன்னும் நாற்பது கிலோமீட்டர்.

“பொன்முடிக்கா?” என்று கண்டக்டர் கேட்டார். என் தோள்பையைப் பார்த்து மலை ஏறப் போகிறவள் என்று நினைத்திருப்பார்.

“இல்ல, விதுரா. சேத்துல ஓடுத பயிற்சிக்கு.”

“ஓ, ஷைனியோட செளிக்கு!” மலையாளத்தில் செளி என்றால் சேறு. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர், “நாளைக்கு திரிச்சு வரும்போ என்ட பஸ்ஸில மட்டும் ஏறண்டா, கேட்டோ. சீட்டெல்லாம் போவும்” என்று சிரித்தார்.

பகல் பதினொன்று. விதுராச் சந்தையிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். ரப்பர்த் தோட்டச் சரிவு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து ஷைனி சேச்சி இந்தப் பயிற்சியை நடத்துகிறார். முன்பு கபடி ஆடியவர். கைகுலுக்கியதிலேயே அது தெரிந்தது. உணவு, தங்குமிடம் சேர்த்து இரண்டு நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். வந்திருந்த பதினைந்து பெண்களை மும்மூன்று பேராகப் பிரித்தார். என்னோடு சேர்ந்தவர்கள் இருவர். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை செய்யும் அனு, பறவை போல மெலிந்த பெண். இன்னொருவர் ராஜி அக்கா. கரமனை அக்ரகாரத்துக்காரர், வயது நாற்பத்தேழு, ஒரு வங்கியில் வேலை. “அம்பது ஆறதுக்குள்ள ஒரு மதிலாவது சாடணும்னு இருக்கேனாக்கும்” என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் பேச்சில் சாடுவது என்றால் தாண்டுவது.

அன்று பகல் முழுவதும் சேறு. ஓடையைத் திருப்பி நிரப்பிய செம்மண் சேறு, முழங்கையை ஊன்றினால் விட மனமில்லாமல் பிடித்துக்கொள்ளும். முள்கம்பிக்கு அடியில் எனக்கு முன்னால் தவழ்ந்துபோன ராஜி அக்கா திரும்பிப் பார்த்து, “கல்யாணத்துல சந்தனம் பூசினதுக்கப்புறம் இப்பத்தாண்டி எம்மேல இப்படிப் பூசறா” என்றார். சிரித்ததில் என் வாய்க்குள் சேறு போனது. ஓட்டத்திலும் கம்பியிலும் நான்தான் முதலில் வந்தேன். சேச்சி என் முதுகில் தட்டினார்.

மாலை நான்கரை. மதிலுக்கு வந்தோம். எட்டடி உயரம், வழுவழுப்பான பலகை, பிடிக்க ஒன்றுமில்லை. ஒருவர் மதிலை ஒட்டி நின்று தோள் கொடுக்க வேண்டும். மற்ற இருவரும் அந்தத் தோளில் ஏறி மேலே போய், கடைசியில் அடியில் நிற்பவரை இழுத்துக்கொள்ள வேண்டும். மூவரும் கடந்தால்தான் அணிக்குக் கணக்கு. நாளை மூன்று மணிக்குள் கடக்காத அணியை அடுத்த மாதப் பந்தயத்துக்குச் சேர்க்கமாட்டேன் என்று சேச்சி கறாராகச் சொன்னார்.

ராஜி அக்காதான் உயரம். அவர் அடியில் நின்றார். அனு இரண்டே தாவலில் மேலே போய் உட்கார்ந்துகொண்டாள். என் முறை. நான் குனிந்து ஷூவைக் கழற்றினேன்.

“எந்தினா ஷூ ஊருன்னே?” என்றார் சேச்சி, ஏன் கழற்றுகிறாய் என்று.

வெறுங்கால் சேற்றில் வழுக்கியது. திரும்பவும் ஷூவை மாட்டிக்கொண்டு ஏறினேன். ஷூவிலிருந்து ஒரு கட்டிச் சேறு ராஜி அக்காவின் கன்னத்தில் விழுந்தது. அவ்வளவுதான். மதிலைப் பிடித்திருந்த என் வலது கை தானாகவே இறங்கி அவர் தோளைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றிக்கொண்டது. யார் மீதாவது கால் பட்டால் நம் கை செய்கிற அதே காரியம். இருவரும் சேர்ந்தே விழுந்தோம்.

“என்னடி இது, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாய்? நான் என்ன கோவில் கொடிமரமா?” என்றார் ராஜி அக்கா, தரையில் கிடந்தபடியே. மேலே இருந்த அனுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதன்பிறகு தோளே வேண்டாம் என்று தூரத்திலிருந்து ஓடிவந்து தாவினேன். விரல்நுனி விளிம்பைத் தொட்டது, தொட்டு வழுக்கியது. இருட்டும் வரை தாவினேன்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கஞ்சியும் பயறும். ராஜி அக்கா தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “யார் தோள்னு பாக்கறயோ?” என்று நேராகவே கேட்டார். நானும் நேராகவே சொன்னேன். அம்மா சிறுமியாக இருந்தபோது சில தெருக்களைக் கடக்கையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாளாம். அதே தெருக்களில் நான் ஷூ போட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அது எனக்குப் பெருமை. ஆனால் இன்று என் கால் அதை மறந்துவிட்டது.

அவர் தட்டைக் கீழே வைத்தார். “எங்காத்துலயும் அதெல்லாம் உண்டு. இல்லேன்னு சொன்னா பொய். அதுக்கு இப்ப நான் என்ன சொன்னாலும் போறாது. ஆனா எனக்கு நாளைக்கு மூணு மணிக்கு மதில் சாடணும். அனு ஒருத்தியால என்னை இழுக்க முடியாது. நீ மேல போகாம நான் எப்படிடி வரது? ஷூவோட மிதிச்சுண்டு போ.”

அவருக்கு நான் தேவைப்பட்டேன். அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அனு ஒரு சட்டம் போட்டாள். நான் ராஜி அக்காவின் தொடையிலும் தோளிலும் மாறி மாறி ஏறி இறங்க வேண்டும். கை கண்ணுக்குப் போனால் பத்துத் தோப்புக்கரணம். “டீச்சருக்கே பனிஷ்மென்ட், எந்தொரு சுகம்!” என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். முதல் மணி நேரத்தில் என் தொடை நடுங்கும் அளவுக்குத் தோப்புக்கரணம் போட்டேன். பிறகு குறைந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் கை மதிலிலேயே நிற்கக் கற்றுக்கொண்டது. மனத்தைத் தயார் செய்வது என்று எல்லோரும் சொல்கிறார்களே, என் விஷயத்தில் அது ஒரு கையைத் தயார் செய்வதாக இருந்தது.

மூன்று மணிக்குச் சற்று முன்பு. மதியத் தூறலில் பலகை நனைந்திருந்தது. அனு மேலே போனாள். நான் ராஜி அக்காவின் கோத்த கைகளில் ஒரு கால், தோளில் மறு கால் வைத்து முழு எடையையும் கொடுத்தேன். அந்தத் தோள் அசையவில்லை. “நன்னா மிதி!” என்று கீழிருந்து குரல் வந்தது. விளிம்பு வயிற்றில் அழுந்தியது, மேலே இருந்தேன். உடனே குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். ராஜி அக்கா பின்னால் போய் ஓடிவந்து தாவினார். முதல்முறை மணிக்கட்டு வழுக்கிவிட்டது. இரண்டாவது முறை அனு ஒரு கையையும் நான் ஒரு முழங்கையையும் பிடித்துக்கொண்டோம். மதிலின் மேல் வந்து உட்கார்ந்ததும், மூச்சு வாங்க, “பொன்முடி தெரியறதுடி” என்றார். மேகம்தான் தெரிந்தது. ஆனால் நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

கிளம்பும்போது குழாயடியில் எல்லோரும் கழுவிக்கொண்டிருக்க, ராஜி அக்கா மட்டும் தன் பனியனை அப்படியே மடித்துப் பையில் வைத்தார். தோளில் என் ஷூ அச்சு. “ஆத்துல காட்டணும்” என்றார். சந்தையில் வந்து நின்ற பேருந்தில் அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் ஜன்னலோர இருக்கையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்தார்.

பந்தயம் அடுத்த மாதம். எங்கள் அணி உண்டு. மதிலடியில் நிற்பது யார் என்று சேச்சி கேட்டபோது நான் கை தூக்கிவிட்டேன். “என் வெயிட் தெரியுமோடி?” என்றார் ராஜி அக்கா. தெரியாது, அதனால் பழக வேண்டும்.

விதுராவின் செம்மண் சேறு குளிர்ச்சியானது. எங்கள் வயல்சேறு கறுப்பு, வெதுவெதுப்பானது. நேற்று மாலை அந்தச் சேறு முழங்கால் வரை காய்ந்திருக்க அம்மா வேலையிலிருந்து வந்தாள். பின்சுவரை ஒட்டி நின்று என் தோளில் ஏறச் சொன்னேன்.

“சேத்துக் காலுட்டி.”

“அதுக்குத்தாம்மா. ஏறு.”

திட்டிக்கொண்டே ஏறினாள். தண்ணீர் கேனை விட லேசாகத் தெரிந்தாள். “யாத்தி, ரோடு வரைக்கும் தெரியுது” என்றாள். அப்புறம் அவள் கை மெல்லக் கீழே இறங்கி என் தோளைத் தொட்டுக் கண்ணுக்குப் போவது, நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

“எறங்குனதும் பத்துத் தோப்புக்கரணம் போடணும்மா” என்றேன்.