கூட்டாத, குறைக்காத இயர்போன்

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்து கொடுக்கும் நிலையத்தில் அவரைச் சல்லடை என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால் தொடங்கிய பெயர் அது. நாளடைவில் முகத்துக்கு நேரே வந்து, இறுதியில் அவரே தொலைபேசியை எடுத்தால் “சல்லடை பேசறேன்” என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

அவருடைய வேலை கேட்பது. ஒருவர் வாசித்துப் பதிவு செய்த நூலை, அதன் அச்சுப் பிரதியை மடியில் விரித்து, விரலை வரி வரியாக நகர்த்தியபடி கேட்க வேண்டும். விடுபட்ட சொல், இருமுறை வந்த சொல், தாள் புரளும் ஓசை, நாற்காலியின் முனகல், வாக்கியத்தின் நடுவே வாங்கிய மூச்சு ஆகியவற்றை நிமிடம், விநாடியோடு பிழைத்தாளில் குறிக்க வேண்டும். வெட்டக்கூடியதை ஒலித்தொகுப்பாளர் வெட்டிவிடுவார். வெட்டித் தீராத பிழை ஒரு பாடத்தில் பன்னிரண்டைத் தாண்டினால் வாசித்தவரே வந்து அந்தப் பாடத்தை மறுபடியும் வாசிக்க வேண்டும். ஒரு நூலில் இரண்டு குரல்கள் வரக்கூடாது என்பது நிலையத்தின் விதி. வாசித்தவரால் வர இயலாவிட்டால் நூல் முழுவதும் வேறொருவருக்குப் போய்விடும். பழைய பதிவு வெளிவராது.

அந்த நிலையத்தின் வாசிப்பாளர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. இருபத்தாறு ஆண்டுகள் அவள் வாசித்தாள். அவர் பிழைத்தாள் போட்டார். “வெளியில புருஷன் பொண்டாட்டி குறைய வாயால சொல்லுவான். எங்க வீட்டுக்காரர் நிமிஷம் விநாடியோட எழுதிக் குடுப்பார்” என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், நூலுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, அவர் வீட்டிலிருந்தே கேட்டுக் கொடுத்துவந்தார்.

அவள் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் கடைசியாக வாசித்த ஒப்பந்தச் சட்டப் பாடநூல், இருபத்திரண்டு பாடங்கள், கேட்கப்படாமலே கிடந்தது. அவருடைய பழைய ஹெட்போனின் இடப்பக்கம் ஊமையாகிவிட்டிருந்தது. காதில் பதியும் பஞ்சு காய்ந்த பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது. நிலையத்தில் புதிது வாங்க அடுத்த நிதியாண்டு வர வேண்டும்.

பிரிவுத் தலைவி, அவரைவிட இருபது வயது இளையவர், தொலைபேசியில் தயங்கித் தயங்கிப் பேசினார். “சார், பரீட்சைக்கு முன்னாடி பசங்க கைக்குப் போகணும். வேற யார்கிட்டயாவது குடுத்துடட்டுமா? உங்களுக்கு அதக் கேக்கறது கஷ்டமா இருக்கும்.”

“வேணாம்மா. இத்தனை வருஷம் அவளுக்கு நான்தான் தாள் போட்டேன். இதையும் நானே போட்டுடறேன். மாசக் கடைசிக்குள்ள உங்க மேஜைல இருக்கும்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்பதைக் காட்டிலும், அவள் குரல் அந்த நூலோடு வெளியே போக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அதற்குப் பின் அவள் வாசித்தது எதுவும் இல்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, அரைத்தாளில் நான்கு குறிப்புகள் எழுதி எடுத்துக்கொண்டு, இயர்போன் வாங்கக் கடைக்குப் போனார். ஒன்று, காதுக்குள் பொருந்துவதாக இருக்க வேண்டும். வீட்டின் கீழ்த்தளத்தில் இரும்புக் கதவு செய்யும் பட்டறை இருந்ததால், வெளியோசை உள்ளே வரக்கூடாது. இரண்டு, வயர் உள்ளதாக இருக்க வேண்டும். சார்ஜ் போட மறந்து பாதியில் நிற்கக்கூடாது. மூன்று, ஒரு நூலுக்குக் கிடைக்கும் கூலியில் கால் பங்குக்கு மேல் விலை போகக்கூடாது. நான்காவதன் கீழே மட்டும் கோடிட்டிருந்தார்: எதையும் கூட்டக்கூடாது, எதையும் குறைக்கக்கூடாது.

கடைப்பெண் தாளை வாங்கிப் படித்துவிட்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மளிகைச் சாமானுக்குக்கூட எங்க வீட்ல இவ்ளோ ஒழுங்கா எழுத மாட்டாங்க சார்.” பிறகு ஒன்றை எடுத்து வைத்தாள். “இத பாருங்க. பேஸ் சும்மா நெஞ்சில இடிக்கும்.”

“நெஞ்சில இடிக்க வேற நிறைய இருக்கும்மா. காதுல விழுந்தா போதும்.”

கேட்டுப் பார்ப்பதற்கென்று, பதினோராம் பாடத்திலிருந்து ஒரு நிமிடத்தைத் தம் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நூலின் நடுவிலிருந்து எடுத்துச் சோதிப்பது அவருடைய வழக்கம். வேறு காரணம் எதுவும் இல்லை. ரப்பர் முனைகளில் வலக்காதுக்கு நடுத்தரமும் இடக்காதுக்குப் பெரியதும் பொருந்தின. முனை சரியாக அடைக்காவிட்டால் கீழ்க்குரல் கசிந்துவிடும் என்பதை அவர் அறிவார். அழுத்திப் பொருத்திக்கொண்டு ஓட விட்டார்.

அவள் பேசினாள். நான்கு மாதத்துக்குப் பிறகு, ஒரு கண்ணாடி மேஜையின் முன்னால், யாரோ சார்ஜர் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசினாள். குரல் கனத்துத் திரண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளுடையதைப் போல இருந்தது. ஒரு குறை இல்லை. 

“பிடிச்சிருக்கு போல. முகமே மாறிடுச்சு சார்” என்றாள் கடைப்பெண்.

அவர் அடுத்ததைக் கேட்டார். அதில் சகரமெல்லாம் ஊசியாகக் குத்தின. மூன்றாவது, அலமாரியின் அடித்தட்டிலிருந்து வந்தது. மெல்லிய வயர், பகட்டில்லாத அட்டைப்பெட்டி, விலை முதலாவதைவிடக் குறைவு.

“இத அவ்வளவா யாரும் கேக்க மாட்டாங்க சார். சப்புன்னு இருக்குன்னு திருப்பிக் குடுத்துடறாங்க. ரெக்கார்டிங் வேலை செய்யறவங்க ரெண்டு மூணு பேர் மட்டும் இதான் வேணும்னு வருவாங்க.”

அதைப் பொருத்திக்கொண்டு கேட்டார். மேலும் கீழும் நடுவும் அளவோடு நின்றன. லகரமும் ளகரமும் ழகரமும் தனித்தனியே தம் இடத்தில் ஒலித்தன. எட்டாவது விநாடியில் வாக்கியத்தின் முடிவு சற்றுத் தொலைவுக்குப் போயிற்று, வாசித்தவள் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டதைப் போல. அதன்பின், மிக மெல்லியதாக, ஒரு மூச்சு. பதினான்காவது விநாடியில் மறுபடியும். ஒரு நிமிடத்துக்குள் ஒன்பது முறை.

முதலாவதை மீண்டும் வாங்கிப் போட்டுக் கேட்டார். அந்தக் கனத்த ஒலிக்குள் மூச்சும் தேய்ந்த சொல்முடிவும் மூழ்கிப்போயிருந்தன. மூன்றாவதில் இருந்தன. முதலாவதில் இல்லை.

நிலைமை அவருக்கு விளங்கிவிட்டது. முதலாவதை வாங்கினால் பிழை காதில் விழாது. விழாத பிழையைக் குறிக்காதது பொய்யும் ஆகாது. இருபத்திரண்டு பாடங்களும் தேறும். அவள் குரல் போகும்.

“எதப் போடட்டும் சார்?”

அவர் முதல் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். “மூணாவது.”

“மொதல்ல போட்டது உங்களுக்குப் பிடிச்சுதே.”

“பிடிச்சுது. அதனாலதான் வேணாம்.”

வீட்டில் மூன்று நாள், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கேட்டார். முதல் ஆறு பாடங்கள் ஏறத்தாழ மாசற்றவை. ஏழாம் பாடத்தில் வெட்டித் தீராத பிழை ஐந்து. ஒன்பதில் எட்டு. பதினோராம் பாடத்தில் பத்தொன்பது. மூச்சை மட்டுமென்றால் தொகுப்பாளர் வெட்டிவிடலாம்; ஆனால் மூச்சுக்காக முகத்தைத் திருப்பிய இடத்தில் சொல்லின் வாலும் சேர்ந்து காணாமல் போயிருந்தது. ‘இவ்வொப்பந்தம் செல்லத்தக்கதன்று’ என்ற வரியில், ‘செல்லத்தக்கது’ என்பது வரைதான் காதில் விழுந்தது. சட்டம் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அது தலைகீழ்ப் பாடம். பதினான்காம் பாடமும் பதினெட்டாம் பாடமும் அப்படியே.

இப்படி மூச்சை ஒளித்து வாசிக்கும் பழக்கம் அவளுக்கு முன்பு இல்லை. எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ள, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து தம் பழைய பிழைத்தாள்களின் நகல்களை எடுத்து, தேதி வாரியாகக் கட்டிலின் மேல் பரப்பினார். தாளுக்கு ஏழு கட்டங்கள். அவற்றில் ஐந்தாவது கட்டம் மூச்சு. அந்தக் கட்டத்தை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பாடத்துக்கு மூன்று. அடுத்த நூலில் நான்கு. பிறகு ஏழு, பதினொன்று, பதினான்கு. பதினான்கின் கீழே அவருடைய கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘வாசிப்பவர் வாக்கிய நடுவில் அடிக்கடி மூச்சு வாங்குகிறார். தவிர்க்க வேண்டும்.’ அதற்கடுத்த நூலில் இரண்டு. அதற்கும் அடுத்ததில் ஒன்றுமில்லை. அந்தச் சுழியத்தின் பக்கத்தில் அவர் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்.

அந்தக் குறிப்பை எழுதிய அன்று சமையலறையில் நடந்த பேச்சு அவருக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஏன் சல்லடை, மூச்சே விடாமப் படிக்கச் சொல்றீங்களா?”

“விடு. யார் வேணாங்கறா? மைக்குக்குத் தெரியாம விடு.”

“சரி, மைக்குக்குத் தெரியாது. உங்களுக்கு?”

“எனக்கு மைக்குல வந்தாத்தான் தெரியும்.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அதன் பின் அவள் கற்றுக்கொண்டாள். எதைச் சொன்னாலும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறவள். பழைய ஹெட்போனில் அந்தத் தொலைவு மூச்சுகள் விழவில்லையா, விழுந்தும் பிழையின் அளவுக்கு இல்லை என்று விட்டுவிட்டாரா என்பது இப்போது அவருக்கே தெரியவில்லை.

மருத்துவமனையில் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்தது. “எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?” அவள் பேசும் நிலையில் இல்லை. அவர்தான் பதில் சொன்னார்: “ஒரு ரெண்டு வாரமா சார்.” மனமறிந்து சொன்ன பொய் அன்று. இதயம் களைத்துப் பல மாதம் ஆகியிருக்கும், கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்று மருத்துவர் மெல்லச் சொன்னபோது, எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். தேதியும் நிமிடமும் விநாடியுமாக, அத்தனையும் அவருடைய பீரோவில் இருந்தது.

தாள்களை அவர் உடனே மடித்து வைக்கவில்லை. கீழே பட்டறையில் இரும்பு அறுபடும் ஓசை நின்று, ஆட்கள் சாப்பிடப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தொடங்கும் வரை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மீதிப் பாடங்களையும் கேட்டு முடித்தார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னதாகவே நிலையத்துக்குப் போனார். பிரிவுத் தலைவி தாள்களைப் புரட்டினார். பதினொன்றில் நின்றார், பதினான்கில் நின்றார், பதினெட்டில் நின்றார். கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சார், மூணே பாடம்தான் தாண்டுது. இந்த மூணையும் பன்னெண்டுக்குள்ள கொண்டு வந்து எழுதிக் குடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அம்மா படிச்ச கடைசி புக்கு சார் இது.”

“ஒரு பொண்ணு இதக் கேட்டுட்டுப் போய், செல்லும்னு பரீட்சைல எழுதிட்டு வந்தா?”

“அந்த இடத்த மட்டும் வேற யாராவது வச்சு...”

“ஒரே குரல்தான் வரணும்னு விதி. அவளே அடிக்கடி சொல்லுவா, படிக்கறவங்க நடுவுல ஆள் மாறினா கேக்கற பிள்ளைக்குப் பயமா இருக்கும்னு.”

பிரிவுத் தலைவி மீதித் தாள்களைப் புரட்டினார். கடைசித் தாளுக்கு வந்தவர், அதன் ஓரத்தில் இருந்த வரியைக் கண்டு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மற்றத் தாள்களில் உள்ள அதே நிதானமான கையெழுத்து: ‘வாசித்தவருக்கு இருந்த நோயை, சரிபார்த்தவர் இரண்டு ஆண்டுகளாகப் பிழை என்றே குறித்துவந்திருக்கிறார்.’ கீழே கையொப்பம், தேதி.

“இது எதுக்கு சார்?” அந்த வரியில் விரலை வைத்தார். “இதுக்குக் கட்டமே இல்லையே.”

“தெரியும்மா. அதான் ஓரத்துல எழுதியிருக்கேன்.”

“வேற தாள் தர்றேன். இந்த ஒண்ண மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துடுங்க. கோப்புல போயிடும் சார், யார் யாரோ பாப்பாங்க.”

“பாக்கட்டும். தப்பு இருந்த இடத்தக் குறிக்கறதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுத்தீங்க.”

 பிரிவுத் தலைவி மேஜை இழுப்பறையைத் திறந்து ‘மறுவாசிப்பு’ முத்திரையை எடுத்து, மையில் ஒற்றினார். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடத்தன. இருபத்திரண்டு தாள்களுக்கும் முத்திரை விழுந்து முடியும் வரை, அவை நகராதபடி சல்லடை இரு கைகளாலும் ஓரங்களைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.