புகையில்லாத அடுப்பு

கண்ணாடித் தம்ளரில் இருந்த தண்ணீருக்குள் சித்தி விரலை விட்டுப் பார்த்த அந்தக் காலைப்பொழுது எனக்கு மறக்காது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடி முடித்து மணியடித்திருந்தது. அதுவரை அதே நேரத்தில் கொதித்துவிடும் தண்ணீர், அன்று வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. "சூடே ஏறல, பாரு" என்று என்னிடம் தம்ளரை நீட்டினாள். பயந்துபோயிருந்தாள்.

பயப்படக் காரணம் இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து போடிமெட்டுக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு தள்ளியே அவள் நெஞ்சு கெட்டுப்போனது. இனி புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்துவிட்டார். மண்ணெண்ணெய் வாடையும் ஆகாது. கேஸுக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தோம். எண்பதுகளின் பின்பாதி அது. கப்பலில் வேலை பார்த்த அவள் தம்பி கொண்டுவந்து இறக்கியதுதான் அந்த அடுப்பு. போடியில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. டிவி என்று நினைத்து உட்கார்ந்தவர்களும் உண்டு.

சித்தப்பா அதைச் சரிசெய்யப் படாத பாடு பட்டார். காலையில் கரண்டு மங்குவதால் இருக்கும் என்று நடுச்சாமத்தில் போட்டுப் பார்த்தார். கதவு இடுக்கைத் துடைத்தார். வேறு பிளக்கில் மாட்டினார். கடைசியில் மதுரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார். "அண்ணே, இதுக்குள்ள ஏலக்காய் வச்சீங்களா?"

வைத்திருந்தார். சாரல் காலத்தில், அவர் ஏலம் விடக் கொண்டுபோகும் சாம்பிள் காய் நமுத்துவிடும். தினமும் ஒரு கைப்பிடிக் காயை உள்ளே வைத்து மொறுமொறுவென்று எடுத்துப் போவார். பச்சை மங்காத அந்தக் காயை வியாபாரிகள் மெச்சினார்கள். காய்ந்த சரக்கை அவ்வளவு கொஞ்சமாக வைத்து ஓட்டுவது அடுப்பை வெறுமனே ஓட்டுவது மாதிரி, சூடு கொடுக்கும் பாகம் அடிவாங்கிவிட்டது, புதுசு இங்கே கிடைக்காது என்றார் மெக்கானிக். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "விடுங்க, ஒங்க சோலிக்குத்தான ஒதவுச்சு" என்றாள் சித்தி.

ஓட்டலில் வாங்கிவருகிறேன் என்று சித்தப்பா கெஞ்சினார். அவருக்கு ஆவி பறக்கச் சோறு போட்டே பழகியவள் கேட்கவில்லை. அவர் வெளியே போனதும் விறகைப் பற்றவைத்து, இருமிக்கொண்டே சமைத்தாள். அடுத்த சாரல் காலத்தில் அவள் இல்லை.

சித்தப்பா இருக்கிறார். வீட்டில் கேஸ் இருக்கிறது. மருமகள் நேரத்துக்குச் சுடச்சுடச் சமைத்துப் போடுகிறாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆறட்டும் ஆத்தா" என்பார். முழுக்க ஆறிய பிறகுதான் கை வைப்பார்.