அறுபத்திரண்டாம் பக்கத்து அட்டவணை

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் பதினோரு வருடமாக ஸ்கேன் எடுப்பதுதான் அவள் வேலை. பழைய ஆய்வேட்டைக் கண்ணாடிமேல் கவிழ்க்க வேண்டும், மூட வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். நாளைக்கு அறுநூறு பக்கம் ஆக வேண்டும். எடுத்ததெல்லாம் நூலகத்தின் இணையதளத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். படிக்கிறார்களா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சாயங்காலம் வீடு போய்ச் சேரும்போது வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல் இருக்கும். கூட இருக்கும் தங்கைதான் தைலம் தேய்ப்பாள்.

"இத்தனை புத்தகம் உன் கை வழியா போயிருக்கே, ஒரு டாக்டர் பட்டமாவது ஒட்டிக்கிட்டு வரக்கூடாதா?"

"வலிதான் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பேசாம அழுத்தித் தேய்டி."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேசையில் இருந்த தொலைபேசி அடித்தது. அப்படி ஒன்று இருப்பதையே அவள் மறந்திருந்தாள்.

"மேடம், நான் ஒரு சாய ஆலையில சூப்பர்வைசர். உங்க சைட்டுல ஒரு ஆய்வேடு எடுத்தேன். அறுபத்திரண்டாம் பக்கத்துல அட்டவணையோட கடைசி வரிசை வெட்டுப்பட்டிருக்கு."

"மெயில் போடுங்க சார், பார்க்கச் சொல்றேன்." அப்படிச் சொன்னால் பெரும்பாலும் வைத்துவிடுவார்கள்.

"மூணு தடவை போட்டாச்சு மேடம்."

அவன் விடுவதாக இல்லை. சாயம் ஏற்றிய துணியை ஏழு தடவை அலசுகிறார்களாம். ஒவ்வொரு தடவையும் ஒரு தொட்டித் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. தண்ணீரில் எவ்வளவு உப்பு மிச்சம் என்று காட்டும் கருவியைத் தொட்டிக்குத் தொட்டி மாட்டி, கம்ப்யூட்டரில் சேர்த்தாகிவிட்டது. திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது.

"எந்த எண்ணுக்கு வந்தா நிறுத்தலாம்னுதான் தெரியல. மத்த கட்டுரையெல்லாம் பணம் கட்டினாத்தான் திறக்குது. இது ஒண்ணுதான் திறந்துச்சு. அதுலயும் அந்த வரிசை மட்டும் இல்ல."

அவள் கோப்பைத் திறந்து பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே ஸ்கேன் எடுத்தவர் எண், அவளுடையதேதான். தடித்த புத்தகத்தை அழுத்திப் பிடிக்கப் பொறுமையில்லாமல் எடுத்திருக்கிறாள். உள் ஓரம் முழுக்கக் கறுப்பு நிழல், கடைசி வரிசை அதற்குள் போய்விட்டது.

"பார்க்கறேன் தம்பி," என்று வைத்தாள்.

ஸ்கேன் முடிந்த பிரதிகளைக் கட்டி வருடக்கணக்காகப் பின்னறையில் அடுக்கியிருந்தார்கள். வரும் வெள்ளிக்கிழமைதான் அவற்றை ஏற்றப் பழைய பேப்பர் லாரி வருகிறது. அங்கே இருந்த சுமை தூக்குபவரை எல்லாரும் மூட்டை அண்ணன் என்பார்கள்.

"எந்தக் கட்டுல இருக்குன்னு எனக்கென்னம்மா ஜோசியமா தெரியும்?" என்றார். சொல்லிக்கொண்டே முதல் கட்டின் கயிற்றை அவிழ்த்தார்.

மதியம் தாண்டிவிட்டது. தும்மித் தும்மி மூக்கு சிவந்து, நாற்பதுக்கு மேல் கட்டுகளைப் பிரித்தபின், சுவரோரக் கட்டின் அடியில் அது கிடைத்தது. விரித்தால் எண்கள் தையலுக்குள் புதைந்து கிடந்தன. மூட்டை அண்ணன் இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிளந்து பிடித்துக்கொள்ள, அவள் செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் படித்துத் தாளில் எழுதினாள். மொத்தம் முப்பத்தாறு எண்கள். ஒன்று மட்டும் மூன்றா எட்டா என்று பிடிபடவில்லை. அவர் எட்டு என்றார். அவளுக்கு மூன்றாகப் பட்டது. அந்த இடத்தில் 'மூன்று அல்லது எட்டு, சரியாகத் தெரியவில்லை' என்றே தட்டச்சு செய்து கோப்போடு சேர்த்தாள்.

ஐந்து மணிக்குப் பிரிவு அதிகாரி செயலியில் அன்றைய கணக்கைப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னைக்கு நூத்திநாப்பதுதானா?"

விஷயத்தைச் சொன்னாள்.

"ஒரே ஒரு ஆளுக்காகவா?"

அந்தச் செயலி கேட்பது பக்க எண்ணிக்கைதான். பக்கம் முழுசாக இருக்கிறதா என்று கேட்காது. அந்த ஆய்வேட்டை எடுத்த வருடம் அவள் எடுத்த தடித்த புத்தகங்கள் முந்நூறாவது இருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போது அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தச் சாய ஆலைக்காரன் மறுபடி கூப்பிட்டான்.

"அக்கா, வெளிர் நிறத்துக்கெல்லாம் ஏழு அலசல் அஞ்சாயிடுச்சு. திரையில எண்ணைப் பார்த்து நிறுத்திடறோம்."

"அப்படியா," என்றாள்.

"கருநீலத்துக்கு மட்டும் சரிப்படல, சாயம் இறங்குது. அப்புறம் அந்த ஒரு எண்ணு எட்டுதான். மூணு வெச்சு அலசிப் பார்த்தோம், வீணாத் தண்ணிதான் போச்சு. எட்டுலயே துணி சுத்தமாயிடுது."

அவள் கோப்பைத் திறந்து மூன்றை அழித்தாள். பின்னறைக்குப் போய், "நீங்க சொன்னதுதான்ணே சரி," என்றாள்.

"எதும்மா?"

அவருக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல், லாரிக்குப் போகாமல் மிச்சமிருந்த தடித்த புத்தகங்களில் இரண்டை மட்டும், மறுபடி ஸ்கேன் செய்ய, எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள்.